மாணவர் நாடக, நாட்டியப் பருவம்: பெற்றோரும் மாணவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மொரீசியஸில் உள்ள எங்கள் பள்ளியில் பரதமும் தமிழ் நாடகமும் கற்கும் பிள்ளைகள் மேடையேறும் பருவம் நெருங்குகிறது. வகுப்பு முடிந்து வாசலில் நிற்கும்போது பெற்றோர் கேட்பவற்றையும் மாணவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் ஆசிரியர் குழுவினுடையவை.

இந்தப் பருவத்தில் என்னென்ன நடக்கும்?

மூன்று மாலைகள். முதலாவது சலங்கை பூசையும் தொடக்க நிலை மாணவரின் நடன உருப்படிகளும். இரண்டாவது, கரும்புத் தோட்டத்து முகாம் வாழ்வைப் பற்றி மூத்த மாணவர்களே எழுதிய 40 நிமிடத் தமிழ் நாடகம். மூன்றாவது மாலையில் வள்ளி கதை நாட்டிய நாடகமாகவும், அதற்கு முன் 25 நிமிடத் தெருக்கூத்துப் பகுதியும்.

ஏன் ஜூலை முதல் செப்டம்பர் நடு வரை? காவடி சமயத்தில் வைத்தால் கூட்டம் வருமே?

கூட்டம் வரும், ஆனால் பிள்ளைகள் வர முடியாது. தைப்பூசக் காவடிக்கு முன் பத்து நாள் விரதம். அதையொட்டியே தீமிதிகளும். இந்தத் தீவில் புயல் பருவம் நவம்பர் 1 முதல் மே 15 வரை நீள்கிறது. புயலின் மூன்றாம் நிலை எச்சரிக்கை வந்துவிட்டால் ஊரே அடங்கிவிடும்; ஆறு மாத உழைப்பை அப்படி வானிலையிடம் ஒப்படைக்க முடியாது. அக்டோபர், நவம்பரில் தேர்வுகள். புரட்டாசி பிறந்துவிட்டால் கோவிந்தன் விரதம், சனிக்கிழமை பூசைகள். ஆகவே குளிர்காலமே நமக்கு வாய்ப்பான காலம். ஆடி வெள்ளிகளையும் பிள்ளையார் சதுர்த்தி நாளையும் அதற்கு மறுநாளையும் ஒத்திகைப் பட்டியலில் காலியாக விட்டிருக்கிறோம்.

எங்கள் வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான் பேசுகிறோம். பிள்ளையால் தமிழ் வசனம் பேச முடியுமா?

முடியும். இங்கே படிக்கும் பெரும்பாலான பிள்ளைகளின் நிலை அதுதான். எங்கள் விதி ஒன்றே ஒன்று: பொருள் சொல்லத் தெரியாத சொல்லை எந்தப் பிள்ளையும் மேடையில் சொல்லக்கூடாது, பொருள் தெரியாத முத்திரையைப் பிடிக்கக்கூடாது. மனப்பாடம் செய்த ஒலிக்கும் புரிந்து சொல்லும் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். கண்ணிலேயே தெரிந்துவிடும்.

வசனத்தைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் எழுதிப் படிப்பதே பெரிய தடை. அப்படி எழுதியதும் ழ, ள, ல மூன்றும் ஒரே எழுத்தாகிவிடும். குறில் நெடில் வேறுபாடும் அழிந்துவிடும். 'பல்' என்பதும் 'பால்' என்பதும் ஒன்றுபோல் ஒலித்தால், வள்ளி தினைப்புனத்தில் எதைக் கேட்கிறாள் என்று எவருக்கும் புரியாது. இன்னொரு சிக்கல், பிரெஞ்சுப் பழக்கத்தில் ஒவ்வொரு தொடரின் கடைசி அசையையும் இழுத்து அழுத்துவது. 'நான் வருகிறேஏஏன்' என்று வரும். தமிழில் அழுத்தம் பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில் விழுவதால், இந்த இழுவை கோபத்தைக்கூடக் கெஞ்சலாக மாற்றிவிடும்.

நாங்கள் செய்வது இது. முதல் இரண்டு வாரம் நாடகப் பிரதியைக் கையில் கொடுப்பதில்லை. ஆசிரியர் சொல்ல, பிள்ளை திருப்பிச் சொல்லும். மூன்றாம் வாரத்தில் தமிழ் எழுத்திலேயே பிரதி வரும். பிரெஞ்சு எழுத்துக் குறிப்புத் தேவைப்படும் பிள்ளைக்குத் தருவோம், ஆனால் நெடிலின் மேல் ஒரு கோடும் ழகரத்துக்குச் சிவப்பு வட்டமும் போட்டே தருவோம். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது நாளைக்கு ஐந்து நிமிடம்: பிள்ளை ஒரு வசனத்தைத் தமிழில் சொல்லட்டும், பிறகு அதையே கிரியோலில் உங்களுக்கு விளக்கட்டும். விளக்க வராத இடத்தைப் பிரதியில் குறித்து அனுப்புங்கள். தாத்தாவோ பாட்டியோ தமிழ் பேசுபவராக இருந்தால் அந்த ஐந்து நிமிடத்தை அவரிடமே விடுங்கள்.

பார்க்க வருபவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு என்ன ஏற்பாடு?

நாடகத்துக்குத் திரைக்கு மேலே கிரியோல் மொழிபெயர்ப்பு ஓடும். ஒரு முறைக்கு இரண்டு வரிக்கு மேல் இல்லை, வரிக்கு 40 எழுத்துக்கு மேல் இல்லை, குறைந்தது மூன்று விநாடி நிற்க வேண்டும். தானாக ஓடும்படி விட மாட்டோம். பிரதியைப் பின்தொடர்ந்து ஒரு மாணவர் விசையை அழுத்துவார்; நடிகர் ஒரு வரி தாவிவிட்டால் அவரும் தாவ வேண்டும். எல்லா ஒத்திகைக்கும் அவர் வந்தாக வேண்டும், நடிகரைப் போலவே. எழுத்து வசனத்துக்கு முன்னால் ஓடிவிட்டால், பிள்ளை வாய் திறக்கும் முன்பே அரங்கு சிரித்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சொல்லும் வரி வீணாகும்.

கூத்துக்கு எழுத்து வேண்டாம். ராசாவின் வரவை அறிவித்து வேடிக்கை பேசும் கட்டியக்காரன் இருக்கிறான். ராசாவிடம் தமிழில் பேசிவிட்டுச் சபையிடம் கிரியோலில் பேசுவான். ராசாவுக்கும் சபைக்கும் நடுவே நின்று பேசுவது என்றுமே அவன் வேலைதான்.

நாட்டியப் பள்ளியில் தெருக்கூத்து எதற்கு?

கரும்புத் தோட்டங்களுக்கு வந்த தமிழர் வழியாக இந்தத் தீவுகளுக்கு வந்த ஆட்டங்களில் அதுவும் ஒன்று என்பதால். பக்கத்துத் தீவான ரெயூனியனில் இன்றும் 'பால் தமூல்' என்ற பெயரில் இரவெல்லாம் ஆடுகிறார்கள். அதை நடத்துபவரை 'வர்த்தியால்' என்பார்கள், நம் வாத்தியார்தான். நமக்கு இவ்வளவு அருகில் உயிரோடு இருக்கும் ஒரு கலையைப் பிள்ளைகள் உடலால் அறிய வேண்டும் என்பது எங்கள் ஆசை.

விடிய விடிய நடப்பதை 25 நிமிடமாக்க, மூன்றை மட்டும் வைத்துக்கொண்டோம்: திரைக்குப் பின்னிருந்து வரும் வரவுப் பாட்டு, கட்டியக்காரனோடு உரையாடல், ஒரு தர்க்கம். வரவுத் திரை 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம், இரண்டு மாணவர் பிடிப்பார்கள். திரைக்கு மேலே கிரீடமும் கீழே சலங்கைக் காலும் மட்டும் தெரிய வேண்டும். கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் மரத்தில் செய்தால் பிள்ளைகளின் கழுத்து தாங்காது; கெட்டியான நுரைப் பலகையில் வெட்டிக் கண்ணாடித் துண்டும் காகிதமும் ஒட்டுகிறோம். தலையில் முதலில் பருத்தித் துணியை இறுகக் கட்டி, அதன் மேல்தான் கிரீடம். துணியில்லாமல் கட்டிய கிரீடம் முதல் சுழற்சியிலேயே கண்ணுக்கு இறங்கும்.

என் மகள் இரண்டு ஆண்டு கற்றுவிட்டாள். அவளுக்கு ஏன் வர்ணம் இல்லை?

வர்ணம் பரதத்தின் நீண்ட உருப்படி; முழுதாக ஆடினால் அரை மணிக்கு மேல் போகும். தாளச் சொற்கட்டுக்கு ஆடும் ஜதிக்குப் பிறகு மூச்சு வாங்காமல் முகத்தில் பாவம் வர வேண்டும். அடவுகளை, அதாவது அடிப்படை அசைவுகளை, மூன்று காலத்திலும் (வேகத்திலும்) முழங்காலை மடித்த அரைமண்டி நிலையிலிருந்து எழாமல் செய்ய முடிகிறதா என்பதே எங்கள் அளவுகோல். எத்தனை ஆண்டு என்பது அல்ல. மூன்றாம் காலத்தில் உடம்பு மேலே எழுந்துவிட்டால், தொடை இன்னும் வலுக்கவில்லை என்று பொருள். அந்தப் பிள்ளைக்கு அலாரிப்பும் ஜதிஸ்வரமும் நியாயமான உருப்படிகள். மூன்று நான்கு நிமிட அலாரிப்பைச் சுத்தமாக ஆடும் பிள்ளையைப் பார்ப்பது எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஆடிவிட்டு வந்தால் முழங்கால், முன்னங்கால் எலும்பு வலிக்கிறது என்கிறான். பயிற்சியை நிறுத்தலாமா?

முதலில் தரையைப் பாருங்கள். சிமெண்டுத் தரையிலும் ஓட்டுத் தரையிலும் வெறுங்காலால் தட்டடவு போட்டால், அந்த அதிர்ச்சி முழுவதும் எலும்புக்கே திரும்பும். இங்கே ஊர்க்கூடங்கள் பலவற்றில் அப்படிப்பட்ட தரைதான். வீட்டில் பயிற்சி செய்யும்போது ஓட்டுத் தரைமேல் மெல்லிய ரப்பர் விரிப்பும் அதன்மேல் ஒரு பிளைவுட் பலகையும் போடுங்கள். தனி ரப்பர் விரிப்பு மட்டும் போதாது: பாதம் ஒட்டிக்கொள்ளும், திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

மேடைக்கும் இதே முறைதான். 24 அடிக்கு 16 அடி ஆடுகளத்துக்கு 8க்கு 4 அடி பலகை 12 வேண்டும், 18 மில்லிமீட்டர் கனம். ஒரு பலகை ஏறத்தாழ 30 கிலோ இருக்கும், ஆகவே தூக்க இருவர். செங்கல் அடுக்குவதுபோல் இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல் மாற்றி வையுங்கள். இணைப்பின் மேல் அகலமான துணிப் பட்டை ஒட்டுங்கள். ஆணி அடிக்க வேண்டாம். மெழுகு பூச வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும். நிகழ்ச்சியன்று காலில் தேங்காய் எண்ணெய் தடவி வரும் பிள்ளை தானும் வழுக்கி, பின்னால் வருபவரையும் வழுக்கச் செய்யும்.

தரை சரியாக இருந்தும் வலித்தால் அரைமண்டியைப் பாருங்கள். முழங்கால் பாதத்தின் கட்டை விரல் பக்கம் உள்ளே சாயக்கூடாது, விரல்கள் காட்டும் திசையிலேயே போக வேண்டும். இடுப்பிலிருந்து திரும்பாமல் பாதத்தை மட்டும் திருப்பிவைத்தால் முழங்கால்தான் விலை கொடுக்கும். கியூர்பிப், வாக்வா போன்ற மேட்டு ஊர்களில் ஜூலை மாலை நன்றாகவே குளிரும். கடற்கரை ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் அங்கே இறங்கியதும் ஆடக்கூடாது. இருபது நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, காலுறையைக் கடைசி நிமிடத்தில் கழற்றட்டும். இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகும் வலி ஒரே புள்ளியில் நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒத்திகையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உடையைச் சென்னையிலிருந்து வரவழைக்கலாமா, இங்கேயே தைக்கலாமா?

இரண்டும் செய்யலாம். வரவழைப்பதானால் நான்கு மாதத்துக்கு முன்பே அளவு போக வேண்டும். ஒரு 6 கெஜப் பட்டுப் புடவையில் ரவிக்கை, காற்சட்டை, மேலாக்கு, முன் விசிறி, பின் இடுப்புத் துண்டு ஐந்தும் வரும்.

கெட்டுப்போகும் இடம் எப்போதும் காற்சட்டைதான். நின்றபடி அளவெடுத்துத் தைப்பார்கள். முழுமண்டியில், அதாவது முழுதாகக் குந்தி, உட்கார்ந்ததும் கவட்டில் கிழியும். ஆகவே நின்று ஓர் அளவு, முழுமண்டியில் ஓர் அளவு. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, தொடைச் சுற்று, கெண்டைக்கால் சுற்று மூன்றையும் இரு நிலையிலும் எடுங்கள். ரவிக்கைக்கு மார்பு, இடுப்பு, தோள் அகலம், கை நீளம், கைச் சுற்று. கையை மேலே தூக்கியபடி ஒருமுறை பாருங்கள். வளரும் பிள்ளைக்கு உள் தையலில் 2 அங்குலம் விட்டுவைத்தால் அடுத்த ஆண்டும் அதே உடை ஆகும். விசிறி மடிப்பு அரைமண்டியில் முழுதாக விரிய வேண்டும். பாதிதான் விரிகிறது என்றால் மடிப்புத் துணி குறைவு.

பாட்டியின் கூறைப் புடவையில் தைக்க ஆசைப்படுபவர்கள் உண்டு. அழகான எண்ணம்தான். ஆனால் பல ஆண்டு மடித்து வைத்த பட்டு மடிப்புக் கோட்டிலேயே கிழியும். அந்தக் கோடுகளைத் தவிர்த்து வெட்டி, பருத்தி உள்துணி கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். விசிறிக்கு அந்தப் பட்டு வேண்டாம், மேலாக்குக்கு வையுங்கள். அங்கே இழுவை குறைவு.

ஒப்பனையை எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும்? எது முதலில்?

மேடையேறுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு. முதலில் கையிலும் காலிலும் அல்தா என்ற சிவப்புச் சாயம். பதினைந்து நிமிடம் எதையும் தொடாமல் காயட்டும். இதைக் கடைசிக்கு விட்டால் பட்டில் சிவப்புக் கறை நிச்சயம், அது போகவே போகாது. பிறகு முகம், பிறகு முடி, பிறகு உடை, பிறகு நகை, கடைசியில் சலங்கை.

முகத்துக்கு அடிப்பூச்சை ஈரப் பஞ்சால் மெல்லியதாக, காது, கழுத்து, பின்கழுத்து வரை. நிறம் தாடையோரத் தோலின் நிறமே இருக்க வேண்டும். மாநிறப் பிள்ளையை வெளுப்பாக்காதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறோம். மேடை விளக்கில் அது சாம்பல் பூசியதுபோல் தெரியும். அதைவிட, உன் நிறம் மேடைக்கு ஆகாது என்று பிள்ளைக்குச் சொல்லித்தந்ததாகவும் ஆகும். கண் மையைத் தடித்து, வெளிமுனையைப் புருவத்துக்கு இணையாக நீட்டுங்கள். இருபதாவது வரிசைக்குப் பேசப்போவது அந்தக் கண்தான்.

முடியில் சவுரியை ஹேர்பின்னால் மட்டும் நிறுத்தாதீர்கள். சொந்த முடியை இறுகப் பின்னி, சவுரியின் கயிற்றை அந்தப் பின்னலுக்குள்ளேயே கோத்துக் கட்டி, கறுப்பு நூலால் மூன்று இடத்தில் தையுங்கள். நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி ஒவ்வொன்றையும் நூலால் கட்டிய பிறகே பின். குளிர்காலத்தில் மல்லிகைக்கு அலைய வேண்டாம், துணிப்பூச் சரம் போதும். ஒரு பிள்ளைக்கு ஊக்கு 30, ஹேர்பின் 40, கறுப்பு நூல், ஊசி, சிறு கத்தரி என்று பெயர் எழுதிய பையில் போட்டு அனுப்புங்கள்.

சலங்கை எத்தனை வரிசை வாங்குவது?

சிறியவர்களுக்கு மூன்று, பெரியவர்களுக்கு ஐந்து. தோல் பட்டையில் தைத்ததே வாங்குங்கள். ஒவ்வொரு மணியையும் இழுத்துப் பாருங்கள். ஆடுகளத்தில் உதிரும் ஒரு மணி அடுத்த பிள்ளையின் பாதத்தில் ஏறும். பட்டையின் வாரைக் கட்டியதும் நுனியைத் துணிப் பட்டையால் ஒட்டிவிடுங்கள். முதல்முறை கட்டும் பிள்ளைகளுக்குப் பூசையன்று நடராசர் முன் வைத்து ஆசிரியர் கையால் கொடுப்போம். அதற்கு முன் வீட்டில் கட்டி விளையாட விடாதீர்கள்.

பாட்டு நேரடியாகவா, பதிவு செய்ததா?

நாட்டிய நாடகத்துக்கு நட்டுவாங்கம் (தாளமிட்டு ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துவது), பாட்டு, மிருதங்கம், புல்லாங்குழல் நேரடியாக. சிறியவர்களுக்குப் பதிவு. நேரடி இசையில் பிள்ளை தடுமாறினால் நட்டுவனார் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, காத்திருப்பார், பதிவு காத்திருக்காது. அதனால் பதிவுக்கு ஆடுபவர்களுக்கு ஒத்திகை இரட்டிப்பு.

பதிவுகளை உருப்படிக்கு ஒரு கோப்பாக, வரிசை எண்ணோடு வைக்கிறோம். கணினியில் ஒன்று, இரண்டு யூஎஸ்பியில் ஒவ்வொன்று. கைபேசியிலிருந்து ஒலிக்க விட்டால், அதை விமான நிலையில் போடாவிட்டால் தில்லானா நடுவே யாருடைய அழைப்போ அரங்கு முழுக்கக் கேட்கும். ஆடுபவரை நோக்கி மேடையிலேயே ஓர் ஒலிபெருக்கி இருக்க வேண்டும். சபையை நோக்கியது மட்டும் இருந்தால் தாளம் தாமதமாகத் திரும்பி வந்து கேட்கும். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த சுருதிப் பெட்டி வைத்திருப்பவர்கள், நம் 230 வோல்ட்டுக்கு அது ஒத்துப்போகும் என்றாலும் முளை வேறு, மாற்றுச் செருகி மறக்க வேண்டாம்.

விளக்கின் நிறத்தை நாங்கள் சொல்லலாமா?

உடை நிறத்தை எங்களிடம் முன்பே சொல்லுங்கள், அதுவே பெரிய உதவி. பச்சை விளக்கில் சிவப்பு அல்தா கறுப்பாகிவிடும், முத்திரை அழுக்குக் கைபோல் தெரியும். முகத்துக்கு இளமஞ்சள், வண்ணமெல்லாம் பின்திரைக்கு. மேடையில் குத்துவிளக்கில் நெருப்பு கிடையாது. பட்டும் திரையும் பிள்ளைகளும் இருக்கும் இடம் அது. விளக்கு வாசலில் ஏற்றப்படும், மேடையில் மின்கலச் சுடர்.

தோட்ட நாடகத்தில் ஆப்ரவாசி காட் படிகள் வருமா?

வரும். ஒப்பந்தக் கூலிகளாய் வந்தவர்கள் போர்ட் லூயிஸில் ஏறிய அந்த 16 படிகளை அப்படியே கட்ட மேடையில் இடமில்லை. நான்கு படி கட்டுகிறோம்: உயரம் 15 செ.மீ., மிதி 30 செ.மீ. ஒரே குடும்பம் அதே நான்கு படியில் நான்கு முறை ஏறும், ஒவ்வொரு முறையும் கையிலிருக்கும் மூட்டை சிறுத்துக்கொண்டே போகும். இது மாணவர்களே கண்டுபிடித்த வழி. மரச் சட்டம், பெட்டி தூக்க யாராவது முன்வந்தால் நன்றி.

எத்தனை ஒத்திகை தவறலாம்?

வகுப்பு ஒத்திகையில் இரண்டு. குளிர்கால விடுமுறையில் வரும் மேடை ஒத்திகையும் உடை ஒத்திகையும் தவறக்கூடாது. உடையும் நகையும் போட்டு ஆடாத பிள்ளைக்கு மேலாக்கு எங்கே சிக்கும் என்று தெரியாது.

அன்று என்ன சாப்பாடு?

மூன்று மணி நேரம் முன்பு வயிறார. அதற்குப் பிறகு வாழைப்பழம், ரொட்டி, தண்ணீர். மிளகாய் வைத்த தால் பூரி வேண்டாம், நிகழ்ச்சி முடிந்து தாராளமாகச் சாப்பிடட்டும். எல்லோரும் சேர்ந்து உண்ணும்படி, பள்ளியில் தருவது சைவம் மட்டுமே.

மேடைக்குப் பின்னால் நாங்கள் வரலாமா? படம் எடுக்கலாமா?

ஒப்பனை முடியும் வரை ஒரு பிள்ளைக்கு ஒருவர். பிறகு எல்லோரும் இருக்கைக்கு. உங்களைப் பார்த்ததும் அழும் பிள்ளை, நீங்கள் போனதும் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஒளிப்பளிச்சு வேண்டாம், ஆடுபவருக்கு ஒரு கணம் தரை மறைந்துபோகும். மற்றவர் பிள்ளை இருக்கும் படத்தை அவர்களைக் கேட்காமல் வெளியிட வேண்டாம். மெட்ரோவிலோ பேருந்திலோ வருபவர்கள் திரும்பும் நேரத்தை முன்பே பார்த்துவையுங்கள். வண்டியில் இடமிருப்பவர்கள் வாசலில் உள்ள தாளில் ஊரையும் இருக்கை எண்ணிக்கையையும் எழுதுங்கள்.

இதன் பிறகு நாட்டியத்தை மேலே படிக்க முடியுமா?

மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பரதம், கதக், குச்சிப்புடி கற்பிக்கிறார்கள். விருப்பமுள்ள மூத்த மாணவர்கள் பருவம் முடிந்ததும் எங்களிடம் பேசுங்கள்.

மேடையில் மறந்துவிட்டால் என்ன செய்வது?

இதைப் பிள்ளைகள்தான் கேட்பார்கள், அதுவும் காதோடு. நாட்டியத்தில் மறந்தால் அரைமண்டியை விடாதே. காலில் தட்டடவைத் தாளத்தோடு வைத்திரு, கை இடுப்பில் இருக்கட்டும், பக்கத்தில் ஆடுபவரைத் தலை திருப்பாமல் கண்ணால் மட்டும் பார், அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் தட்டில் சேர்ந்துகொள். நாடகத்தில் மறந்தால், நீ சொல்ல வேண்டியதன் பொருள் உனக்குத் தெரியும், அதை உனக்கு வரும் தமிழில் சொல். எதிரில் நிற்பவர் உன்னைப் பிடித்துக்கொள்வார். அதற்காகவே ஒவ்வொருவரும் அடுத்தவர் வசனத்தையும் படிக்கிறோம். மன்னிப்புக் கேட்டுச் சபையைப் பார்க்காதே, நாக்கைக் கடிக்காதே. பக்கத்திரைக்குள் போனதும் ஆசிரியர் அங்கே தண்ணீரோடு நிற்பார்.